அம்மிப் பாறையில் விழுந்த அண்ணாச்சி

ஞாயிறு, காலை 6.40.

சுரேஷ்குமார் பாறையின் அடியில் மல்லாந்து கிடந்தார். அவருடைய சைக்கிள் பத்தடி தள்ளி முட்புதரில் சாய்ந்து நின்றது. மேலேயிருந்து ஓடிவந்த நெடுஞ்செழியன் முதலில் சைக்கிளைத்தான் பார்த்தான்.

ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். அதற்குள் ஃபிரேமில் கீறல் இல்லை, சக்கரம் கோணவில்லை என்று கண் கணக்கெடுத்துவிட்டது; மனசும் 'அப்பாடா' என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் மனுஷனிடம் போனான். பின்னாலேயே வந்த ஜவஹர் அதைக் கவனித்துவிட்டான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"கை... கையத் தூக்க முடியலல... பிரேக்கே புடிக்கல," என்று முனகினார் சுரேஷ்குமார்.

ஜவஹர் நிமிர்ந்து செழியனைப் பார்த்தான்.

"வியாழக்கிழமை அண்ணாச்சி வண்டிக்கு பிரேக் பேட் மாத்துனது யாரு மச்சி?"

"நான்தான்."

"அதான் கேட்டேன்," என்றான் ஜவஹர்.

மூவருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் வண்டலூர் தாண்டியிருக்கும் இந்தக் கைவிட்ட கல்குவாரிதான். மலைப்பாதைக்கென்றே செய்த சைக்கிள்களைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு விடிவதற்குள் வந்துவிடுவார்கள். குவாரியின் உச்சியிலிருந்து ஒற்றையடித் தடம் ஒன்று வளைந்து வளைந்து இறங்கும். முடிவில் சரிந்து கிடக்கும் வழுவழுப்பான பெரிய கல்லுக்கு அம்மிப் பாறை என்று பெயர் வைத்தது ஜவஹர். அவனுக்குத் தேனாம்பேட்டையில் கண்ணாடிக் கடை. ஆள் ஊதினால் பறந்துவிடுவான், ஆனால் இறக்கத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. சுரேஷ்குமார் புது சைக்கிள் வாங்கும்வரை இல்லை என்று சொல்ல வேண்டும். அதிலிருந்து ஜவஹர் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தான். அந்த எரிச்சலை 'நல்ல வண்டி அண்ணாச்சி' என்ற ஒரே வாக்கியத்துக்குள் போட்டு மூடி வைத்திருந்தான்.

சுரேஷ்குமாருக்கு தி.நகரில் ஜவுளிக்கடை, சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். எடை தொண்ணூற்றி நாலு கிலோ. முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர் வைத்த அந்த சைக்கிளை ஒரே மதியத்தில், சட்டைத்துணி எடுப்பதுபோல் வாங்கிவிட்டார்.

செழியன் கோடம்பாக்கத்தில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் சவுண்ட் இன்ஜினியர். மந்தைவெளியில் ஒற்றை அறை. அவனுடைய சைக்கிள் பல பேருடைய கழிவு. ஒருவர் விற்ற ஃபிரேம், இன்னொருவர் தூக்கிப்போட்ட முன் ஃபோர்க், பழைய கடையில் கிடைத்த பிரேக். நாலு வருஷம் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய வண்டி. அதைப் பெருமையாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான், சுரேஷ்குமாரின் வண்டி பக்கத்தில் வந்து நிற்கும்வரை. பொறாமை என்றால் சின்னப் பொறாமை இல்லை. சோறு இறங்காத பொறாமை. அந்த வண்டிக்கு சர்வீஸ் செய்து தருகிறேன் என்று அவனே முன்வந்ததுகூட, வாரம் ஒருமுறையாவது அதைத் தொடலாமே என்றுதான்.

ஞாயிறு, மதியம் 12.

அடையாறில் தனியார் ஆஸ்பத்திரி. கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது, மூன்று மாசம் வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கட்டிலருகே சுரேஷ்குமாரின் மனைவி மீனாட்சி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது.

"கெளம்பும்போதே இவ சொன்னா, இன்னிக்கு அம்மிப் பாறை வேண்டாம்னு," என்றார் சுரேஷ்குமார். "பொம்பளப் பேச்சுன்னு சிரிச்சுட்டுப் போனேன். ஏல செழியா, உன்ன தம்பி மாதிரிதானல வெச்சிருந்தேன்?"

"அண்ணாச்சி, பிரேக்ல ஒரு குறையும் கிடையாது."

"வண்டிய நீ பாக்குத பார்வை எனக்குத் தெரியாதால? கடைக்கு வாரவ பட்டுச் சேலையப் பாக்குத மாதிரி பாப்ப. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுக்கேன். நீயா ஒத்துக்கிட்டா நம்மளோட போவும். இல்லன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேன்."

கோடம்பாக்கத்தில் ஒருவன்மேல் போலீஸ் புகார் என்றால் சாயங்காலத்துக்குள் நாலு ஸ்டூடியோவுக்குத் தெரிந்துவிடும். மறுநாளிலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள். அதைவிட மோசமான விஷயம் ஒன்று இருந்தது. 'எனக்குப் பொறாமையே இல்லை' என்று சத்தியம் செய்ய செழியனால் முடியாது.

"ரெண்டு உதவி மட்டும் செய்ங்க அண்ணாச்சி. வண்டிய யாரும் தொட வேணாம், கழுவவும் வேணாம். உங்க ஹெல்மெட்ல இருக்குற கேமராவோட கார்டை எனக்குக் குடுங்க."

ஜவஹர் சிரித்தான். "இன்னா மச்சி, துப்பறியப் போறியா?"

"ஆமா. வேற வழி?"

ஞாயிறு, மாலை 4.

ஸ்டூடியோ காலியாக இருந்தது. செழியன் வீடியோவை ஒருமுறை பார்த்தான். தடம், புதர், அம்மிப் பாறை, வானம், அப்புறம் கேமராவில் ஒட்டிய மண். படத்தில் ஒன்றும் தேறவில்லை. மானிட்டரை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவனுக்குச் சோறு போடுவது காதுதான்.

பாறையில் இறங்கும்போது பிரேக் டிஸ்க் 'கீய்ங்' என்று அலறியது. பிடிக்காத பிரேக் அலறாது. அப்படியானால் பிரேக் பிடித்திருக்கிறது. அவன் வேலையில் பிசகில்லை.

பின்னுக்குப் போய்க் கேட்டான். அம்மிப் பாறைக்கு வெகு முன்பே, குழந்தைகூட இறங்கிவிடும் ஒரு சின்னக் கல்லில், 'டொக்'. அடுத்த கல்லிலும் 'டொக்'. போன மாதம் அதே கேமராவில் எடுத்த வீடியோ கணினியில் கிடந்தது. அதே கற்களில் அன்றைக்கு 'ஸ்ஸ்' என்ற மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

செழியன் ஹெட்போனைக் கழற்றினான். ஷாக் அடிமட்டம் வரை போய் இடிக்கிறது. இந்த வகை ஷாக்குக்குள் ஸ்பிரிங் கிடையாது. காற்றுதான். ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்தபடி அடைக்க வேண்டும். சுரேஷ்குமாரின் எடைக்கு முன்னால் தொண்ணூற்றைந்து பவுண்டு அழுத்தம், பின்னால் இருநூற்று முப்பது என்று செழியனே அளவு பார்த்து, ஃபிரேமில் சின்னதாக ஒரு ஸ்டிக்கரும் எழுதி ஒட்டியிருந்தான். காற்று குறைந்தால் பாறை விளிம்பில் பிரேக்கைப் பிடித்ததும் முன்பக்கம் மடிந்து உள்ளே போகும். ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறப்பார். அண்ணாச்சி அப்படித்தான் பறந்திருக்கிறார்.

காற்றைக் குறைக்க ஒன்றும் வேண்டாம், வால்வின் நடு ஊசியை நகத்தால் அமுக்கினால் போதும். ஏற்றுவதுதான் பாடு. சாதாரண பம்பு அந்த அழுத்தத்துக்கு உதவாது. அதற்கென்று முள் காட்டும் குட்டிப் பம்பு ஒன்று இருக்கிறது.

அப்படி ஒரு பம்பு அவன் மேஜை இழுப்பறையில் கிடந்தது. சுரேஷ்குமாருடையது. தன்னுடைய பம்பில் முள் உடைந்துவிட்டதென்று வெள்ளிக்கிழமை கடையில் அவரைப் பார்த்துச் சொல்லி, அவர் சாவியை வாங்கிக்கொண்டு போய், மேலே வீட்டுக்கு ஏறாமலே தரைத்தளச் சாமான் அறையிலிருந்து எடுத்து வந்தது. சனிக்கிழமையே திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவர் கேட்கவில்லை. 'எல்லாம் வைத்திருக்கிற மனுஷனிடம் ஒன்றாவது இல்லாமல் இருக்கட்டுமே' என்று இவனும் விட்டுவிட்டான்.

திங்கள், மாலை 5.

அடையாறு, சாஸ்திரி நகர். சுரேஷ்குமார் குடியிருக்கும் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இருக்கும் சாமான் அறையை மீனாட்சி திறந்துவிட்டாள்.

"இந்த அறைக்கு எத்தனை சாவி அண்ணி?"

"ரெண்டு. ஒண்ணு இவிய கொத்துல கெடக்கும். ஒண்ணு அடுக்களை ஆணில."

"சனிக்கிழமை யாராவது சாவி வாங்குனாங்களா?"

"ஜவஹர் தம்பி வந்தாவ. கார்ல சைக்கிள் கட்டுத பட்டையை எடுக்கணும்னாவ. சாவியக் குடுத்தேன். கொஞ்ச நேரத்துல திருப்பித் தந்துட்டுப் போனாவ."

"அண்ணாச்சி சைக்கிள் பத்தி வீட்ல பேசுவாரா?"

"பேசுவாவளா?" மீனாட்சி வறட்சியாகச் சிரித்தாள். "என்கிட்ட பேசுனதைவிட அந்தச் சனியன்கிட்ட பேசுனதுதான் ஜாஸ்தி தம்பி."

குறுக்கே கிடந்த ஜவுளி அட்டைப்பெட்டியைத் தாண்ட அவள் புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்தாள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்திரி. செழியன் பார்வை அங்கே போனதைக் கண்டு, "பீரோ கதவு இடிச்சிட்டு," என்றாள். பிளாஸ்திரிக்கு மேலே ஆறிப்போன பழைய தழும்புகளும் இருந்தன.

செழியன் சைக்கிளருகே குந்தினான். பையிலிருந்து பம்பை எடுத்து மாட்டினான். மீனாட்சியின் கண் சட்டென்று அந்தப் பம்பில் போய் நின்றது. பிறகு சுவருக்கு மாறியது.

பின் ஷாக்கில் நூற்றி முப்பது. முன்னால் அறுபது.

ஓட்டையாக இருந்தால் ஒன்றில்தான் இறங்கும். இங்கே இரண்டிலும் இறங்கியிருக்கிறது, ஒரே கணக்காக இறங்கியிருக்கிறது. செழியன் பின் ஷாக்கின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவினான். விரல் நுனியில் வெள்ளை மணல், நடுவில் நொறுங்கிய சிப்பித் துணுக்கு. குவாரியில் இருப்பதெல்லாம் செம்மண்.

"அண்ணாச்சி இந்தப் பக்கம் பீச்சுல எங்கயாவது ஓட்டுவாரா?"

"ஒருதடவை உடைஞ்ச பாலத்துக்குப் போனாவ. மணல்ல பொதைஞ்சு கீழ விழுந்துட்டாவ. மீன்காரங்கல்லாம் சிரிச்சுட்டாங்கன்னு அதோட சரி."

"எப்போ?"

"வாங்குன புதுசுல. ரெண்டு வருஷம் இருக்கும்."

ஆனால் மணல் புதிதாக ஒட்டியதுபோல் இருந்தது.

திங்கள், இரவு 7.

சோபாவில் சுரேஷ்குமார் கழுத்திலிருந்து கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஜவஹர். மீனாட்சி சமையலறை வாசலில் நின்றாள். செழியன் சைக்கிளை லிஃப்டில் ஏற்றி ஹாலுக்கே கொண்டுவந்திருந்தான்.

"ஒத்துக்கிட வந்தியாக்கும்?" என்றார் சுரேஷ்குமார்.

"ஒரு கேள்வி அண்ணாச்சி. நேத்து வண்டில உக்காந்தப்ப எப்படி இருந்துச்சு?"

"நல்லா மெத்து மெத்துன்னு இருந்துச்சு. இலவம்பஞ்சு மெத்தைல உக்காந்தாப்ல. சரி, நம்ம சைக்கிளும் நமக்குப் பழகிட்டுன்னு நெனச்சேன்."

"அதான் உங்க கழுத்தெலும்ப ஒடைச்சது." பிரேக் அலறியதையும், 'டொக்' என்ற சத்தத்தையும், பம்பு காட்டிய இரண்டு எண்களையும் செழியன் சொன்னான். "உங்களைக் கவுக்கணும்னு நெனச்சவன் காத்த மொத்தமா எறக்கியிருப்பான். நீங்க ஏறுனவுடனே தெரிஞ்சிருக்கும், எறங்கியிருப்பீங்க. இது அப்படி இல்ல. முன்னாடி அறுபது, பின்னாடி நூத்தி முப்பது. இது நாசம் பண்ணுன கணக்கு இல்ல, எடை போட்ட கணக்கு. வேற யாரோ ஒருத்தர் தன் எடைக்குத் தகுந்த மாதிரி வெச்சு ஓட்டியிருக்காங்க."

பின் ஷாக்கின் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருந்தது. ஒருவர் சீட்டில் உட்கார்ந்தால் ஷாக் எவ்வளவு அமுங்குகிறதென்று அந்த வளையம் நகர்ந்து காட்டும். கால்வாசிக்குச் சற்று மேல் நகர்ந்தால் அந்த எடைக்கு அளவு சரி. செழியன் முதலில் தானே ஏறி உட்கார்ந்தான். வளையம் பாதியைத் தாண்டியது.

"நான் எழுபத்தஞ்சு கிலோ. எனக்கு இது ஆகாது. ஜவஹர், நீ ஏறு."

"நான் எதுக்கு?"

"ஏறேன்."

செழியன் வளையத்தைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட, ஜவஹர் ஏறினான். வளையம் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்ததுபோல்.

சுரேஷ்குமார் எழுந்தேவிட்டார். "சனிக்கிழமை சாவி வாங்குனது நீதானல! முன்னாடி வாரதுக்கு வழியில்லன்னு என்னைக் கவுத்துட்டியா?"

"அண்ணாச்சி, அம்மா சத்தியமா இல்ல! பட்டைய எடுத்துக்கினு போய்ட்டேன். டேய் செழியா, இன்னாடா மாட்டி வுடுற?"

ஜவஹரிடமிருந்து சைக்கிளை வாங்கிச் செழியன் சுவரில் சாய்த்தான். நேற்று பாறையடியில் ஜவஹர் தன்னைப் பார்த்த பார்வைக்கு இது வட்டி. மனசுக்கு இனிப்பாகக்கூட இருந்தது. இப்படியே விட்டுவிட்டால் தன் தலை தப்பிவிடும். ஆனால் கணக்கு சரியில்லாமல் விடுவது அவனுக்குப் பழக்கமில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி. ஜவஹர் இல்ல. பொறாமை அவனுக்கும் உண்டு, எனக்கும் உண்டு, அது வேற. ஆனா ஜவஹருக்குன்னு சொந்தமா ஷாக் பம்பு இருக்கு. ஓட்டிட்டு, ஸ்டிக்கரைப் பாத்து திரும்ப அடைச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. காத்த எறக்க நகம் போதும். ஏத்தத்தான் பம்பு வேணும். அப்ப ஓட்டுனவங்க யாரு? இந்த வீட்டுப் பம்பையே நம்பி இருக்கறவங்க. சனிக்கிழமை ஓட்டிட்டு வந்து தேடிப் பாத்தா பம்பு இல்ல. ஏன்னா..." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஏன்னா அது என் மேஜை டிராயர்ல இருந்துச்சு. அது என்கிட்ட இருக்குன்னு உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

"அப்போ யாருல?"

செழியன் தன் பேன்ட் காலை முழங்கால் வரை சுருட்டினான். முன்னெலும்பில் வரிசையாகப் புள்ளித் தழும்புகள். "ஜவஹர், நீயும் காட்டு." அவன் காலிலும் அதே வரிசை.

"இந்த பெடல்ல செருப்பு வழுக்காம இருக்க சின்னச் சின்ன ஆணி வெச்சிருப்பான். கால் தவறுனா பெடல் சுத்திவந்து முன்னெலும்புல கடிக்கும். உங்களுக்கு இல்ல, நீங்க முதல் நாள்ல இருந்தே காலுக்கு கவசம் போட்டுட்டீங்க. இந்தத் தழும்பு பீரோ கதவு இடிச்சா வராது." அவன் திரும்பினான். குரல் தானாகவே தணிந்தது. "மன்னிச்சுக்கோங்க அண்ணி. உங்க கால்ல புதுசு மட்டும் இல்ல, பழசும் இருக்கு. ரொம்ப நாளா ஓட்டுறீங்க."

சுரேஷ்குமார் மனைவியைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார்.

"மீனாட்சி?"

அவள் வாசலை விட்டு வந்து நடு ஹாலில் நின்றாள்.

"நான்தான். உங்க எலும்பு ஒடைஞ்சதுக்கு நான்தான் காரணம். ரெண்டு நாளா தொண்டைல நிக்கி, சொல்ல முடியல."

"நீ... இதுல ஏறி..."

"பொறாமைங்க. வேற என்னன்னு சொல்ல? ஞாயித்துக்கிழமை குவாரிலேந்து வரும்போது உங்க மூஞ்சில ஒரு வெளிச்சம் இருக்கும். பதினாறு வருசத்துல என்னப் பாத்து ஒருநாளும் அப்படி வந்ததில்ல. இந்த இரும்புல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கத்தான் ஒருநாள் ஏறுனேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள் மீனாட்சி. "இருக்கு."

அவர் கடைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகுதான் ஓட்டுவது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். சுடிதார் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை முடிச்சுப் போட்டு, வெயில் உச்சிக்கு வருவதற்குள் போய் வந்துவிடுவாளாம். எடைக்குக் காற்று வைக்கிற விஷயத்தை போனில் வீடியோ பார்த்துப் படித்தாளாம். ஒவ்வொரு முறையும் வந்ததும் ஸ்டிக்கரில் இருப்பதுபோல் அடைத்துவிடுவாள். சனிக்கிழமை பம்பைக் காணோம். வீடு முழுக்கக் கவிழ்த்துத் தேடியிருக்கிறாள்.

"பம்பு எங்கன்னு கேட்டா, உனக்கு எதுக்குன்னு கேப்பிய. சொன்னா சாவி போயிரும். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதான் அம்மிப் பாறை மட்டும் வேண்டாம்னு சொன்னேன். சிரிச்சிய. அப்பவாவது வாயத் தொறந்திருக்கணும். தப்புதான்."

அவள் அழுதாள். ஜவஹர் தரையைப் பார்த்தான். சுரேஷ்குமார் கேட்டது எலும்பைப் பற்றி இல்லை.

"எங்க ஓட்டுவ?"

"உடைஞ்ச பாலத்துப் பக்கம்."

"மணல்லயா?"

"ஆமா."

"கால ஊனாமயா?"

மீனாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாலம் வரைக்கும். ஊனாமத்தான்."

சுரேஷ்குமாரின் முகம் மாறியது. கோபம் என்றுதான் ஜவஹர் நினைத்தான். செழியனுக்கு அப்படித் தோன்றவில்லை. உதட்டில் 'அப்படியா' என்று ஒரு சிரிப்பு, அதற்கு மேலே சிரிக்காத கண். அவன் தினமும் சவரக் கண்ணாடியில் பார்க்கிற முகம் அது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற பேச்சு அதற்கப்புறம் எழவில்லை.

செழியன் பையிலிருந்து பம்பை எடுத்தான். "வெள்ளிக்கிழமை வாங்குனது. சனிக்கிழமையே குடுத்திருக்கணும். நீங்க கேக்கலன்னு வெச்சுக்கிட்டேன் அண்ணாச்சி. அதுல என் பங்கும் இருக்கு."

சுரேஷ்குமார் நல்ல கையை நீட்டினார். பம்பு அவரைத் தாண்டி மீனாட்சியிடம் போனது.

அவள் சைக்கிளருகே மண்டியிட்டு, பழகிய கையால் மூடியைத் திருகி எடுத்து, பம்பை மாட்டினாள். மாட்டும்போது கொஞ்சம் காற்று பம்புக் குழாய்க்குள் போய்விடும். முள் இறங்கி நின்றது. இரண்டு அடி அடித்தாள். முள் நூற்றி முப்பதுக்கு வந்தது.

"அண்ணாச்சிக்கு இருநூத்தி முப்பது வைக்கணும் அண்ணி," என்றான் ஜவஹர்.

"இவிய ஏற மூணு மாசம் ஆவும்," என்றாள் மீனாட்சி, பம்பைக் கழற்றி மூடியைத் திருகிக்கொண்டே. "அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

பிறகு நிமிர்ந்து செழியனைப் பார்த்துக் கேட்டாள்:

"ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கெளம்புதிய தம்பி?"